பிஸ்கட் டின்னுக்குள் இல்லாதது

அம்மாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைக்கிற சதுர டின். சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் செந்தூல் வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தபோது துடைப்பம் அதில் இடித்தது. உள்ளே கலகலவென்று சத்தம். முறுக்கு அப்படிச் சத்தம் போடாதே என்று இழுத்துத் திறந்தேன். ஒன்பது பாட்டில்கள்.

நீரில் போட்டால் நுரைக்கும் வைட்டமின் சி, ஒரு மாத்திரைக்கு 1000 மில்லிகிராம். எலும்புக்குக் கால்சியம். முடிக்கு பயோட்டின். கண்ணுக்கு ஒன்று. மூட்டுக்கு ஒரு பொடி. பச்சை நிறத்தில் ஸ்பைருலினா. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கான மல்டிவைட்டமின். அப்புறம் 'நரம்புக்கு' என்று இரண்டு பாட்டில், கோயிலில் பழக்கமான ஓர் அக்கா விற்றவை, ஒன்று 180 வெள்ளி (ரிங்கிட்). எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருந்தது. அம்மா எதையும் வீணாக்க மாட்டார். ஒழுங்காக, வேளை தவறாமல் சாப்பிட்டிருக்கிறார்.

"ஏம்மா இத்தனை?" என்று கேட்டேன்.

"கால் மரத்துப் போகுதுல்ல. எதாச்சும் ஒண்ணு வேலை செய்யாதா?"

அந்தப் பதிலை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. கால் மரப்பு அவருக்கு ஒரு வருடத்துக்கும் மேலாக இருந்தது. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு என்பார். அரசாங்க கிளினிக்கில் மலாயில் சொல்லும்போதும் 'செமுத்-செமுத்' என்றுதான் சொல்வார். மலாயிலும் அது எறும்புதான். இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருந்தால் கால் மரக்கத்தான் செய்யும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள், நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் கோயிலிலிருந்து வந்தவர் வாசலில் ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றார். இன்னொரு செருப்பு பத்தடிக்குப் பின்னால் கழன்று கிடந்தது. அது கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

டின்னைத் திறந்த அந்த ஞாயிறு, கால்குலேட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள், எதையும் கூட்டிப் பார்க்காமல் விட மாட்டேன். ஒன்பது லேபிளிலும் உள்ள சின்ன எழுத்துகளைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் படித்து, ஒவ்வொரு சத்தாக எழுதினேன். பி6 என்ற வரியில் வந்து நின்றேன். நரம்பு பாட்டில்கள் இரண்டிலும் அது இருந்தது, மல்டிவைட்டமினில் இருந்தது, பயோட்டின் பாட்டிலிலும் இருந்தது. கூட்டினால் ஒரு நாளைக்கு 135 மில்லிகிராம். ஒரு பெரிய மனிதருக்கு ஒரு நாளில் தேவைப்படுவது 2 மில்லிகிராமுக்கும் குறைவு. அமெரிக்காவில் 100 மில்லிகிராமை உச்ச வரம்பாக வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் அதை 12 மில்லிகிராம் என்று இறக்கிவிட்டது.

ஏன் இறக்கினார்கள் தெரியுமா? பி6 நீண்ட நாள் அளவுக்கு மீறிப் போனால் நரம்பைக் கெடுக்கும். முதல் அறிகுறி கை கால் மரப்பு. எந்தத் தொல்லைக்காக அம்மா அதை விழுங்கினாரோ அதே தொல்லை.

பி வகை வைட்டமின்கள் தண்ணீரில் கரைபவை, அதிகமானால் சிறுநீரில் போய்விடும், ஒன்றும் செய்யாது என்றுதான் நானும் கேட்டு வளர்ந்தேன். பாதி சரி. மல்டிவைட்டமின் போட்டுக்கொண்ட அன்றைக்குச் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போவது பி2 வெளியேறுவதால்தான். சி வைட்டமினும் அப்படித்தான், உடம்பு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடும். மலேசியாவில் ஒரு பெரியவருக்குப் பரிந்துரைக்கப்படும் சி ஒரு நாளைக்கு 70 மில்லிகிராம். பசாரில் விற்கிற கொய்யாவில் ஒரு பாதி போதும். ஆயிரம் மில்லிகிராம் மாத்திரையில் பெரும்பங்கு கழிவறைக்குத்தான் போகிறது, சிலருக்குச் சிறுநீரகக் கல்லுக்கும் வழி வகுக்கிறது. ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரைபவை. மிஞ்சியதை உடம்பு அவ்வளவு லேசில் வெளியே தள்ளாது. ஏ, டி இரண்டும் ஈரலிலும் கொழுப்பிலும் சேர்ந்துகொண்டே போனால் நஞ்சாகவே மாறும்.

சரி, கதைக்கு வருகிறேன்.

பாட்டில்கள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு, மறுநாள் வேலை முடிந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பக்கத்து மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே பார்மசிஸ்டாக இருப்பவர் ஓர் இளம் மலாய்ப் பெண். பாட்டில்களைப் பார்க்கும் முன்பே அம்மாவிடம் இரண்டு கேள்வி கேட்டார். கிளினிக்கில் என்ன மாத்திரை, எத்தனை வருடமாக? இனிப்புநீருக்கு மெட்ஃபோர்மின், 11 வருடமாக. வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள்? அம்மா சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "சாயுர் சஹாஜா?" என்று கேட்டார். காய்கறி மட்டும்தானா?

ஆமாம். அப்பா தவறிய பிறகு அம்மா கவுச்சியை விட்டுவிட்டார். மீன் இல்லை, முட்டையும் இல்லை. அதைப் பக்தியாகவே பார்த்தோம், அது சத்து சம்பந்தப்பட்ட விஷயம் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பி12 பார்த்தீர்களா என்று அந்தப் பெண் கேட்டார். பார்த்ததில்லை.

பி12 விசித்திரமான வைட்டமின். அதைச் செடியும் செய்யாது, விலங்கும் செய்யாது, நுண்ணுயிர்கள்தான் செய்கின்றன. விலங்குகளின் உடம்பில் அது சேர்வதால் நமக்கு இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாக வருகிறது. கீரையில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. உள்ளே போனாலும், இரைப்பை சுரக்கிற ஒரு புரதத்தோடு சேர்ந்தால்தான் குடலில் ஏறும். வயதானால் அந்த வேலை மந்தமாகும். மெட்ஃபோர்மின் பல வருடம் எடுத்தால் ஏறுவது இன்னும் குறையும். நெஞ்செரிச்சலுக்கு ஓமெப்ரசோல் போன்ற மாத்திரையைத் தொடர்ந்து எடுத்தாலும் அப்படித்தான். ஈரலில் சில வருடத்துக்கான சேமிப்பு இருக்கும் என்பதால் பற்றாக்குறை உடனே தெரியாது. மெல்ல மெல்லத் தெரியும்போது சோர்வு, மறதி, கால் மரப்பு என்று வரும். நாம் அதற்கு வயசு என்று பெயர் வைத்துவிடுவோம்.

"நான் பால் குடிக்கிறேனே" என்றார் அம்மா. ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தேத்தண்ணி, டின் பால் ஊற்றி. வீட்டுக்கு வந்து அந்த டின்னைத் திருப்பிப் பார்த்தேன். பசு படம் இருந்தது. கீழே எழுதியிருந்தது இனிப்பூட்டிய கிரிமர். உள்ளடக்கத்தில் சர்க்கரை, பாமாயில், கொஞ்சம் பால் திடப்பொருள். நம் ஊரில் டின் பால் என்று வாங்குவதில் நிறைய இப்படித்தான். இனிப்புநீர்க்காரர் ஒருவர் தினமும் மூன்று வேளை சர்க்கரையும் பாமாயிலும் குடித்து, பால் குடித்ததாக நிம்மதியாக இருந்திருக்கிறார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஸ்பைருலினா? சைவக்காரர்களுக்கு பி12 இதில் நிறைய இருக்கிறது என்று சொல்லித்தான் அதை அம்மாவிடம் விற்றார்கள். அதில் பெரும்பாலும் இருப்பது பி12 போலவே அமைப்பு கொண்ட, மனித உடம்பு பயன்படுத்த முடியாத ஒரு போலிப் பொருள்.

தனியார் லேப்பில் ரத்தம் கொடுத்தோம். கொடுப்பதற்குச் சில நாள் முன்பே பயோட்டினை நிறுத்தச் சொன்னார் அந்தப் பார்மசிஸ்ட். அதிக அளவு பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தப்பாகக் காட்டும், தைராய்டு, மாரடைப்புப் பரிசோதனைகள் உட்பட. முடிக்காகச் சாப்பிடுகிறவர்கள் இதை அவசியம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். முடிவு வந்தது. பி12 லிட்டருக்கு 148 பிகோமோலுக்குக் கீழே போனால் பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு 98.

ஒன்பது பாட்டில். அவருக்குத் தேவைப்பட்ட ஒரே ஒரு பொருள் மட்டும் போதிய அளவில், உடம்பு ஏற்கும் வடிவத்தில், அவற்றில் எதிலும் இல்லை.

*

பி1, பி6, பி12 என்று எதற்கு எண் போட்டிருக்கிறார்கள் என்று தேடப் போனவள், சுற்றிச் சுற்றிக் கடைசியில் கோலாலம்பூருக்கே வந்து சேர்ந்தேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்குப் பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நூற்றிருபது வருடங்களுக்கு முன்னால் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றுகொண்டிருந்தது. கால் மரத்துப்போகும், நடக்க முடியாது. சிலருக்குக் கால் வீங்கி இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கத்தில் வேலை செய்த சீனர்கள் கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள். அதே நாட்டில், அதே வெயிலில், தோட்டத்தில் வேலை செய்த தமிழர்களுக்கு அந்த நோய் அரிதாகத்தான் வந்தது. நெகிரி செம்பிலானில் வேலை பார்த்த லியோனார்ட் பிராடன் என்ற மருத்துவர் அரிசியைப் பார்த்தார். சீனர்கள் தின்றது ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர்கள் தின்றது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல். வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று பிராடன் எண்ணினார். 1907இல் புத்தகமாகவே எழுதினார்.

அந்தப் புத்தகம் வருவதற்கு முன்பே, அப்போது கோலாலம்பூரில் இருந்த மனநோயாளிகள் விடுதியில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் அதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். 1905 கடைசியில் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி ஒன்று, இரண்டு என்று எண்ணினார். ஒற்றைப்படை எண் ஒரு பக்கம், இரட்டைப்படை எண் மறுபக்கம். ஒரு கூட்டத்துக்குச் சியாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) வந்த வெள்ளை அரிசி, மறு கூட்டத்துக்கு நம் புழுங்கல். ஒரு வருடம் இப்படிப் போனது. சியாம் அரிசி தின்ற பக்கத்தில் பெரிபெரியால் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் பக்கத்தில் ஒருவரும் இறக்கவில்லை.

முதல் முறை இதைப் படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது, நம் பாட்டிமார் ஆக்கிய சோறு என்று. பிறகு அந்த 18 பேரை நினைத்தேன். யாரும் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். வரிசையில் எந்த இடத்தில் நின்றார்கள் என்பதுதான் அவர்கள் உயிரைத் தீர்மானித்தது. அறிவு அப்படிக் கிடைத்திருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அதற்கடுத்துதான் முக்கியமான திருப்பம். 1900இல் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஹென்றி பிரேசர், தாமஸ் ஸ்டாண்டன் என்று இரண்டு பேர். பிற்பாடு பல காலம் ஜாலான் பகாங்கில் இயங்கிய அதே கழகம்தான். அவர்கள் நெகிரி செம்பிலானில் டூரியான் திப்புஸ் என்ற இடத்தில், காட்டுக்குள் சாலை போட வந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து அதே சோதனையைச் செய்தார்கள். வெள்ளை அரிசிப் பக்கம் நோய் வந்தது. அரிசியை மாற்றினார்கள், நோய் பக்கம் மாறியது. அப்புறம் ஆராய்ச்சிக்கூடத்தில் கோழிகளை வைத்துப் பார்த்து, வெள்ளை அரிசியில் நஞ்சு ஒன்றும் கூடவில்லை, தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒன்று போய்விடுகிறது என்று கண்டார்கள். பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் 1890களில் கோழிகளிடம் பார்த்ததும் இதைச் சேர்ந்ததுதான். அவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊரில் ஆராய்ந்தவர்களின் பெயர் வெளியே அதிகம் தெரியவில்லை.

நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின் தண்ணீரோடு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பாதிக்கு மேல் தங்குகிறது. புழுங்கலின் ரகசியம் அவ்வளவுதான். அந்த ஏதோ ஒன்றுக்கு 1912இல் காசிமிர் ஃபங்க் வைட்டமின் என்று பெயர் வைத்தார். 1936இல் ராபர்ட் வில்லியம்ஸ் அதன் அமைப்பைக் கண்டு ஆராய்ச்சிக்கூடத்தில் தயாரித்தார். அதுதான் பி1, தயமின். வில்லியம்ஸ் பிறந்தது நெல்லூரில். நெல்லின் பெயரைச் சுமப்பதாகச் சொல்லப்படும் ஊரில் பிறந்தவர் அரிசியில் போன சத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தது எனக்கு இன்னும் மனதுக்குள் இனிக்கிறது.

நோய் என்றால் உள்ளே ஏதோ புகுந்திருக்கிறது என்றுதான் அதுவரை பெரும்பாலோர் தேடினார்கள். பிரேசரும் ஸ்டாண்டனும் என்ன இல்லை என்று கேட்டார்கள். நான் அம்மாவின் டின்னை நினைத்துக்கொண்டேன். நாங்கள் எல்லாருமே அவருக்கு ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே இருந்தோம். என்ன இல்லை என்று முதன்முதலாகக் கேட்டது அந்த மருந்துக்கடைப் பெண்தான்.

*

வைட்டமின் மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு இப்போது ஊசியாகப் போகிறதே, அதுவும் வைட்டமின்தான். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்ணுக்கு ஃபோலிக் அமிலம் முன்கூட்டியே வேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டு முதல் நாலு வாரத்துக்குள் மூடிவிடுகிறது, அப்போது பலருக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது. வெயில் கொளுத்தும் கோலாலம்பூரிலும் வைட்டமின் டி குறைவாக இருக்கும் பெண்கள் நிறைய. எல்ஆர்டி ரயிலிலிருந்து ஆபீஸுக்கு, ஆபீஸிலிருந்து மாலுக்கு என்று போகிற நம் தோலில் வெயில் படுவதே இல்லை, கறுத்த தோலுக்கு இன்னும் அதிக நேரம் பட வேண்டும்.

எனக்கு இரும்புச்சத்து. 2019இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் 15 முதல் 49 வயதுவரை உள்ள மலேசியப் பெண்களில் பத்துக்கு மூன்று பேருக்கு ரத்தசோகை. நானும் அந்த மூன்றில் ஒருத்தி. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், மூன்று மாதமாக ஏறவே இல்லை. காரணம் என் தே தாரிக். ஒட்டுக்கடையில் ரொட்டி சானாயோடு அதைக் குடித்து, அந்தச் சூட்டோடு மாத்திரையைப் போடுவேன். தேயிலையில் உள்ள பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் ஏறவிடாது. மாத்திரையை எலுமிச்சைத் தண்ணீரோடு எடுத்து, தேத்தண்ணியை ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போட்டேன். அடுத்த பரிசோதனையில் ஏறியிருந்தது. முருங்கைக்கீரைக்கும் அதுவேதான், கடைசியில் ஒரு மூடி எலுமிச்சை பிழிந்துவிடுங்கள்.

ஆனால் சத்துதானே, அதிகமானால் நல்லதுதானே என்ற நினைப்பை மட்டும் விட வேண்டும். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000க்கு மேற்பட்ட ஆண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். காரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் நுரையீரலைக் காக்கும் என்று நம்பி மாத்திரையாகக் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18 விழுக்காடு அதிகமாக இருந்தது. காரட் தின்பதும் கரோட்டின் விழுங்குவதும் ஒன்றல்ல.

மருந்தோடு மோதுவதும் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் வைட்டமின் கே விஷயத்தில் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்பு மாத்திரைக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். கிளினிக்குக்குப் போகும்போது மருத்துவர் கேட்காவிட்டாலும் பாட்டில்களைக் கொண்டுபோய் மேசைமேல் வையுங்கள். அம்மா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "அது மருந்து இல்லியே, சத்துதானே" என்றார்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது மால் (MAL) எண். மலேசியாவில் பதிவான சத்து மாத்திரைக்கு மால் என்று தொடங்கி எட்டு இலக்கம், அதை அடுத்து என் (N) என்ற எழுத்து இருக்கும். பாரம்பரிய மருந்தானால் டி (T). அந்த எண்ணை தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையப் பக்கத்தில் தட்டிப் பார்த்தால் உண்மையா என்று தெரிந்துவிடும். அம்மாவின் மூட்டுப் பொடியில் எண்ணே இல்லை. அதை வீட்டில் வைக்கவே பயந்தேன், அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததை அந்த அமைப்பே பல தடவை எச்சரித்திருக்கிறது. இரண்டு நாளில் வலி மாயமாகப் போய், முகம் ஊதினால் உடனே சந்தேகப்படுங்கள். ஆனால் பல வாரம் சாப்பிட்டிருந்தால் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் போய்ச் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். இனிப்புநீரைக் குணமாக்கும் என்று ஒரு பாட்டிலை விளம்பரம் செய்வது இந்த நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். அந்த வார்த்தை காதில் விழுந்தால், சொல்பவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தக் கோயில் அக்காமேல் எனக்குக் கோபம் இருந்தது. போய்க் கேட்டேன். அவரும் அதையேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தன் கால் மரப்புக்கு. அவரையும் ரத்தம் பார்க்கச் சொல்லி வந்தேன்.

பி6 எல்லாவற்றையும் மருத்துவர் நிறுத்தச் சொன்னார். பி12 முதலில் வாரம் ஓர் ஊசி, பிறகு மாதம் ஒன்று. எது எவ்வளவு காரணம், இனிப்புநீர் எவ்வளவு, பி12 எவ்வளவு, பி6 எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். நரம்பு மெதுவாகத்தான் ஆறும், சிலது ஆறாமலும் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அம்மா டின் பாலை விட்டார், தினமும் ஒரு கிண்ணம் தயிர் சேர்த்துக்கொண்டார். சைவத்தை விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை.

நாலாவது மாதம் ஒரு விடியற்காலையில் சாமி அறையிலிருந்து குரல் கொடுத்தார். என்னவோ ஏதோ என்று ஓடினேன். வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்.

"தரை சில்லுனு இருக்கும்மா" என்றார்.

இடது காலில் கடைசி இரண்டு விரல்கள் மட்டும் இன்னும் மரத்துதான் இருக்கின்றன. அடுத்த ஊசி வருகிற வியாழக்கிழமை.